பைபர் பூசிய வான்

சந்தியோகுவின் வானில், சாரதிக்கு முன்னால் இருக்கிற பலகையில், அந்தச் சிவப்பு லைற் முதன்முதலாக எரிந்தது ஒரு புதன்கிழமை காலை. பேசாலையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மன்னார் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வட்டத்துக்குள்ளே ஒரு ஆச்சரியக்குறி. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். பிறேக்கில் காலை வைத்தால் வான் நிற்கிறது. நிற்கிற வானில் லைற் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

பிள்ளைகளை இறக்கிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார். பிறேக் ஒயில் குறைந்திருந்தது. ஒரு போத்தல் வாங்கி ஊற்றினார், லைற் அணைந்தது. அடுத்த புதன்கிழமை மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினார். குடிகாரனுக்கு ஊற்றிக்கொடுக்கிற மாதிரி இரண்டு மாதம் சளைக்காமல் ஊற்றினார். ஊற்றுகிற ஒயில் எங்கே போகிறது என்ற கேள்வி அவருக்கு வராமல் இல்லை. வந்தது. வந்த கேள்வியை, கொஞ்சம் பொறு என்று சொல்லி ஒரு மூலையில் இருத்திவைத்தார்.

ஒருநாள் முன் சீற்றில் பெற்றிசியா ஏறினாள். அவளுடைய மகளும் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அன்று அவளுக்கு மன்னார் அரசாங்கக் கச்சேரியில் ஏதோ அலுவல். ஏறி இருந்தவளின் கண் நேரே அந்த லைற்றுக்குத்தான் போனது.

"அண்ணை, உதென்ன சிவப்பா எரியுது?"

"கை பிறேக் கொஞ்சம் இழுபட்டுக் கிடக்கு."

பெற்றிசியா கை பிறேக்கைப் பார்த்தாள். அது ஒழுங்காகக் கீழே இறங்கிக் கிடந்தது. சொல்ல வேண்டியவர்களிடம் பின்னேரம் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில், கோயில் வாசலில் தாய்மார் ஏழு பேர் சந்தியோகுவைச் சுற்றி நின்றார்கள். வானை நல்ல கராஜ் ஒன்றில் காட்டட்டும். பிறேக் சரி என்று ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வரட்டும். அதுவரைக்கும் பிள்ளைகள் பஸ்ஸில் போகட்டும். கோபமாகச் சொல்லவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவரைச் சுட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம்.

அந்தப் பதினொரு பிள்ளைகளை விட்டால் சந்தியோகுவுக்கு வேறு பிழைப்பு இல்லை. இருபத்தெட்டு வருடம் கடலில் நின்ற மனிதர். அக்கரையில் இருந்து வருகிற இழுவைப் படகுகள் மூன்றாம் தடவையும் வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு, இனி வலை வாங்கிக் கடலுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துப் படகை விற்றார். வெளிநாட்டு வாகனங்கள் வராமல் நின்றிருந்த காலம் அது. இரும்பெல்லாம் கறள் பிடித்த பழைய வானுக்கும் யானை விலை, குதிரை விலை சொன்னார்கள். படகை விற்று அப்படி ஒன்றைத்தான் வாங்க முடிந்தது. படகின் எஞ்சினை மட்டும் விற்கவில்லை. உடுத்துப் பழசான சாரத்தால் மூடிப் பின்னறைச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தார். கடல் ஒருநாள் சரிவரும், யாருடைய படகையாவது வாடகைக்கு எடுக்கலாம், எஞ்சின் இருக்கும்வரைக்கும் தான் கடல்காரன்தான் என்று ஒரு நம்பிக்கை.

வானை வாங்கியபோதே அதன் அடித்தட்டில் ஒரு ஓட்டை இருந்தது. சந்தியோகு அதற்காகக் கராஜுக்கு ஓடவில்லை. படகின் அடியில் எத்தனை ஓட்டையைத் தன் கையால் அடைத்திருப்பார்! பைபர் துணியை வெட்டினார், பசையைக் குழைத்தார். ஓட்டைக்கு மட்டும் போட்டால் அரைகுறை வேலை என்று முன் சில்லில் இருந்து பின் சில்லு வரைக்கும் அடிப்பக்கம் முழுவதையும் மூடி, மேலே கறுப்புப் பூச்சும் பூசினார். நாலு நாள் முதுகில் மணல் ஒட்டக் கிடந்து செய்த வேலை. பார்த்தவர்கள், அடியைப் பார்த்தால் புது வான் மாதிரி இருக்கிறது என்றார்கள். அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் வானைக் கரைக்குக் கொண்டுபோய், சில்லு பாதி நனையும் அளவுக்குக் கடலில் இறக்கி, வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவினார். உள்ளேயும் ஊற்றினார். படகை அப்படித்தான் கழுவினார், வலையை அப்படித்தான் அலசினார். கடல் தண்ணீர் படாமல் ஒரு பொருள் சுத்தமாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் ஏறுகிற வான், சுத்தமாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

துண்டு எழுதி வாங்க அடம்பனுக்குப் போனார். மன்னாரில் கராஜ் இல்லாமல் இல்லை. ஆனால் அடம்பன் கனகரத்தினம் ஒரு வாகனத்தைச் சரி என்று சொன்னால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மீன் லொறிக்காரர் எல்லாம் பாலம் தாண்டி அவரிடம்தான் போவார்கள். பொய்க்கு ஒரு எழுத்து எழுதாத மனிதர் என்று பெயர்.

கனகரத்தினம் நாலு சில்லையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"முன் டிஸ்க் தேஞ்சு தகடாப் போச்சு. பின் சில்லுக்குள்ள சிலிண்டர் ஒழுகுது, உங்கட ஒயில் அதாலதான் போகுது. பழசுக்குப் பழசு போட்டு வேலையில்லை, சந்தியோகு. பெரிய டிஸ்க்காப் போடுவம், நாலு சில்லுக்கும். பிள்ளையள் ஏத்திற வானெல்லோ?"

"போடுங்கோ அண்ணை. நல்லதாவே போடுங்கோ."

கனகரத்தினம் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "பின்னுக்குப் போற பிறேக் குழாய் எங்க?"

"உள்ளுக்குக் கிடக்கு. மேலால பைபர் போட்டுப் பத்திரமா மூடி விட்டிருக்கிறன். ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

"கடல்காரற்ற வேலை," என்று கனகரத்தினம் சிரித்தார். சந்தியோகுவும் பெருமையோடு சிரித்தார்.

புதுப் பிறேக் போடுகிற காசுக்கு விற்பதற்கு வீட்டில் எஞ்சின் ஒன்றுதான் இருந்தது. சாரத்தை இழுத்து எடுத்தபோது மனைவி றஞ்சிதம் அறைவாசலில் வந்து நின்றாள்.

"அதையும் குடுத்தா நீங்கள் இனிக் கடலுக்குப் போகேலாது."

"பிள்ளையள் திரும்பி வந்தா நான் ஏன் கடலுக்குப் போறன்?"

றஞ்சிதம் சாரத்தை வாங்கி மடித்தாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள். எந்த இடத்தில் பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். படகு வைத்திருக்கிற இளம் சம்மாட்டி ஜெனோஜன் ஆட்களோடு வந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான். சுவரோடு சீமெந்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது.

கனகரத்தினம் ஒரு கிழமை எடுத்துப் பிறேக்கை மாற்றினார். சந்தியோகு காலை வைத்துப் பார்த்தார். வைத்த இடத்தில் வான் நின்றது. லைற் எரியவில்லை. ஆனால் துண்டு உடனே கிடைக்கவில்லை.

"ரெண்டு கிழமை ஓடிப்போட்டுக் கொண்டுவாங்கோ. ஒயில் இறங்காட்டி எழுதித் தாறன்," என்றார் கனகரத்தினம்.

அந்த இரண்டு கிழமையில் முதல் எட்டு நாளும் சந்தியோகு நன்றாகத்தான் இருந்தார். வெறும் வானை ஓட்டிக்கொண்டு திரிந்தார். மன்னார்க் கழுதைகளின் குணம் ஊருக்கே தெரியும். றோட்டு நடுவில் நின்றால் நின்றதுதான், தேர் வந்தாலும் விலகாது. எட்டாம் நாள் காலை தலைமன்னார் றோட்டில் அப்படி ஒன்று குறுக்கே வந்து நின்றது. சந்தியோகு காலை அழுத்தினார். வான் ஒரு பக்கமும் இழுக்காமல், கழுதைக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றது. கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த பள்ளிக்கூட நேரத்துப் பஸ் அவரையும் கழுதையையும் விலத்திக்கொண்டு போய் ஒரு பனைமரத்தடியில்தான் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி ஏதோ ஏசினான். சந்தியோகு அவனைப் பார்த்துச் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு அது.

ஒன்பதாம் நாள் லைற் எரிந்தது.

இந்தமுறை அவர் ஒயில் ஊற்றவில்லை. மெல்ல மெல்ல ஓட்டிப் பாலத்தைத் தாண்டி அடம்பனுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் கண் றோட்டில் பாதி, அந்தச் சிவப்பில் பாதி.

கனகரத்தினம் நாலு சில்லையும் பார்த்தார். ஒரு இடத்திலும் ஒழுக்கு இல்லை. ஒரு பலகையில் படுத்து வானுக்கு அடியில் போனார். நட் கழற்றுகிற சாவியால் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக் என்று மொத்தையாக ஒரு சத்தம். சந்தியோகுவுக்கு நன்றாகப் பழகிய சத்தம்தான். கரையில் ஏற்றிவைத்த படகைத் தட்டினால் இப்படித்தான் கேட்கும்.

"சந்தியோகு, இது இரும்பில்லையே!"

"அது பைபர் அண்ணை. இரும்பு மேல கிடக்கும்."

கனகரத்தினம் உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கினார். பின்பக்கம் ஒரு மூலையில் பைபரை உடைத்தார். உடைத்த இடத்தால் தண்ணீர் வந்தது. சொட்டாக வரவில்லை, குடத்தைச் சரித்தது போல வந்தது. கறள் நிறத்தில், பிறேக் ஒயில் மிதக்க, கனகரத்தினத்தின் கழுத்தை நனைத்துக்கொண்டு நிலத்தில் ஓடியது. அவர் இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

சந்தியோகு குனிந்து ஒரு விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். கடல் தண்ணீர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஊற்றியது. மேலே ஊற்றியது வழிந்து கீழே இறங்கியிருக்கிறது. வெளியே போவதற்கு அவர் ஒரு ஊசித் துவாரமும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கத் தெரிந்த கைக்கு, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது. படகில் என்றால் அள்ளி ஊற்றலாம். வானில் யார் அள்ளுவது?

இரண்டு பேருமாகப் பைபரை முழுதாக உரித்தார்கள். பிறேக் குழாய் பைபரோடு ஒட்டிக்கொண்டு கறள் தூளாக உதிர்ந்தது, ஈர ஒயில் வழிந்தது. குழாய் போனால் மாற்றலாம். அதற்கு மேலே, பின் அச்சைத் தாங்குகிற சட்டத்தில் கனகரத்தினம் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் போனது.

"இவ்வளவு நாளும் இதைப் பிடிச்சு வச்சிருந்தது உங்கட பைபர்தான்," என்றார் கனகரத்தினம்.

"வெட்டி ஒட்டேலாதோ?"

"எங்க பிடிச்சு ஒட்டிறது? நல்ல இரும்பு ஒரு சாண் காட்டுங்கோ, ஒட்டிறன்." நிமிர்ந்து நின்றார். "நான் போட்ட பிறேக் நல்ல பிறேக், சந்தியோகு. அது சில்லைப் பிடிக்கும். சில்லை ஆர் பிடிக்கிறது? ஆக்களை ஏத்திக்கொண்டு ஒருக்கா இறுக்கி அடிச்சியளெண்டா, பின் அச்சு கழண்டு தன்ர பாட்டில போகும்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "முதல் நாளே தட்டிப் பாத்திருக்க வேணும். சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்."

அவர் அப்படிச் சொன்னதுதான் சந்தியோகுவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கனகரத்தினமே தன் பிழையை ஒத்துக்கொள்கிறார் என்றால் இதற்கு மேலே செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"அண்ணை, அந்த லைற்றை மட்டும் எரியாமச் செய்யேலாதோ?"

கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே விளங்கியது. கனகரத்தினம் கோபிக்கவில்லை. ஒரு திருப்புளியை எடுத்துச் சாரதி சீற்றில் வைத்தார்.

"ஏலும். உதில நாலு ஆணி, கழட்டினா உள்ளுக்கு ஒரு சின்ன பல்ப். ரெண்டு நிமிச வேலை. நான் செய்யமாட்டன். துண்டும் எழுதமாட்டன். தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

சந்தியோகு சீற்றில் ஏறித் திருப்புளியைக் கையில் எடுத்தார். கண்ணாடியில் பின் சீற்றுகள் தெரிந்தன. கடைசி வரிசை ஜன்னல் கரைக்குத் தினமும் சண்டை நடக்கும். பெற்றிசியாவின் மகள் வாந்தி வரும் என்று சொல்லிச் சொல்லியே அந்த இடத்தைப் பிடித்துவிடுவாள். அந்தச் சீற்றுக்கு நேர் கீழேதான் கனகரத்தினத்தின் விரல் உள்ளே போன இடம். ஒரு வருடம், பள்ளி நாள் தவறாமல், பதினொரு பிள்ளைகளையும் அதற்கு மேலே இருத்தி ஓட்டியிருக்கிறார். கதவைத் திறந்து வெளியே துப்பினார்.

கனகரத்தினம் திரும்பி வந்தபோது திருப்புளி வைத்த இடத்தில் இருந்தது. சந்தியோகு வேப்பமர நிழலில் நின்றார். வான் திறப்பைக் கனகரத்தினத்திடம் நீட்டினார்.

"பிறேக்கைக் கழட்டி வித்துத் தாறன். மற்றது இரும்புக்குத்தான்," என்றார் கனகரத்தினம்.

"ஓம்," என்றார் சந்தியோகு.

இரண்டு பஸ் மாறிப் பேசாலையில் இறங்கும்போது பின்னேரம் ஐந்து மணி. சந்தியில் பெற்றிசியா நின்றாள். அவருக்காகத்தான் நின்றாளாம். வீட்டில் விசாரித்து, அடம்பனுக்குப் போனதை அறிந்து, காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். நேற்றுக் கழுதைக்கு நீங்கள் பிறேக் அடிச்சதை நான் பஸ்ஸுக்க இருந்து பாத்தனான். எல்லாரிட்டையும் சொன்னனான். துண்டு ஒண்டும் வேண்டாம் அண்ணை. திங்கக்கிழமையில இருந்து பதினொரு பிள்ளையளும் வருங்கள்."

அவர் வாயைத் திறந்தார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடம்பனுக்கு இரண்டு பஸ், ஒரு புதுக் குழாய், பல்புக்கு இரண்டு நிமிட வேலை, திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பிள்ளைகளின் வாசலில் கோன் அடிக்கலாம். அவர் கேட்டு மன்றாடியது இதைத்தானே! எஞ்சினைத் தூக்கிக் கொடுத்தது இதற்காகத்தானே!

"இல்லை பிள்ளை. நான் இனி ஓடேல்லை."

"ஏன் அண்ணை? பிறேக் எல்லாம் புதுசு போட்டதெண்டு சொன்னியளே!"

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். சொன்னால், உன் பிள்ளையை ஒரு வருடம் எதற்கு மேல் இருத்தி ஏற்றினேன் தெரியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வெட்கம் என்பது சின்னச் சொல்.

"வான் இல்லை. குடுத்திட்டன்."

பெற்றிசியாவின் முகம் மாறியது. "கோயிலடியில நாங்கள் கேட்டதுக்குக் கோவம், என்ன? நான் இவ்வளவு பேரிட்டையும் போய்க் கதைச்சு, நீங்கள் பாவமெண்டு..." திரும்பி விறுவிறென்று நடந்து போனாள்.

வீட்டில் றஞ்சிதம் வான் சத்தம் கேட்காமல் ஆள் மட்டும் வருவதைப் பார்த்தாள். படியில் அன்று சனிக்கிழமைக்கு என்று வாளியும் பழந்துணியும் எடுத்து வைத்திருந்தாள். அவர் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"நானும் எத்தினை வாளி அள்ளித் தந்தனான்," என்றாள் கடைசியில்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவருடைய கால் தானாகச் சந்திக்கு நடந்தது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். பெற்றிசியாவும் நின்றாள். அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் வந்தது. கை காட்டிய இடத்தில் நிற்கவில்லை. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தத்தோடு சந்தியைத் தாண்டி, சவர்க்காரக் கடையைத் தாண்டி, இருபது மீற்றர் தள்ளிப் போய்த்தான் நின்றது. தினமும் அப்படித்தான் நிற்கிறது போலும். பிள்ளைகள் பழகியவர்கள் போலப் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலே ஓடினார்கள். இரண்டு மாதத்துக்கு முந்திய சந்தியோகுவாக இருந்தால், அவசரக்கார சாரதி என்று நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். இப்போது அந்தச் சத்தம் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"பெற்றிசியா, பிள்ளையை ஏத்தாதையுங்கோ! உந்தப் பஸ்ஸுக்குப் பிறேக் இல்லை!"

சந்தியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பெற்றிசியா நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கட பிள்ளையளை ஏத்தவும் மாட்டியள், ஆரும் ஏத்தினாப் பொறுக்கவும் மாட்டியள். நல்ல மனசு அண்ணை உங்களுக்கு!"

யாரோ சிரித்தார்கள். அவளுடைய மகள் பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வழக்கம்போல அவருக்குக் கை காட்டினாள். சந்தியோகுவும் கை காட்டினார். பஸ் மன்னார்ப் பக்கம் போனது.